அத்தானைக் கால்வாய்ப் பக்கம் விடாதே

அன்பும் மரியாதையும் நிறைந்த பவுக்யே அக்காவுக்கு, தம்பி ஹோட்சே எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடுகளும் நலம். அங்கே க்ரோனிங்கனில் நீயும், பிள்ளை பெற்ற உன் மகளும், குழந்தையும் நலம்தானே? உன் வீட்டுக்காரர் விப்ரன் அத்தானும் நலம். கொஞ்சம் அதிகப்படியான நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ ஊரில் இல்லாததால் மனுஷனுக்குப் பொழுது போகவில்லையாம், கம்பம் பிடித்துக் கால்வாய் தாண்ட வந்துவிட்டார். நான் மீசை முளைத்த நாளிலிருந்து தாண்டுகிறவன் என்பது உனக்குத் தெரியும். ஓடிப் பாய்ந்து, கால்வாய்க்குள் நிற்கும் கம்பத்தைத் தொற்றி, அது சாய்வதற்குள் உச்சிக்கு ஏறி, எதிர்க்கரை மணலில் விழுவது லேசுப்பட்ட காரியமா? வாரம் முழுக்கக் காற்றுத் திசை பார்க்கிறேன், வெண்ணெயைக் குறைக்கிறேன், படுக்கையில்கூட மனசுக்குள் கம்பம் ஏறுகிறேன். அத்தானோ ஆரஞ்சு கேக்கைத் தின்றபடியே வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி, முதல் நாளே என்னைவிட ஒரு முழம் தள்ளி மணலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கை வேறு ஆட்டுகிறார். எனக்கு வயிறு எரிகிறது அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன்.

"எப்படி அத்தான்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் மாப்ள? அந்தப் பக்கம் போகணும்னு தோணுச்சு, போயிட்டேன்."

பயிற்சி கொடுக்கும் கெர்ப்ரிக் இதற்கு ஒத்து ஊதுகிறாள். "ஹோட்சே, உன் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. ஓடும்போதே உன் மனசு தண்ணிக்குள்ள குதிச்சுடுது. உடம்பு என்ன பண்ணும்? பின்னாடியே போகுது. அவரப் பாரு, தண்ணி பக்கம் திரும்புறதே இல்ல" என்று ஊரே கேட்கச் சொன்னாள்.

வழுக்காமலிருக்க அவர் பாதத்தில் சுற்றியிருந்த சைக்கிள் டியூபில்தான் சூட்சுமம் இருக்கிறதென்று எனக்குச் சந்தேகம். அது உன் சைக்கிளிலிருந்து உருவிய டியூப் என்பதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். அதை நான் கேட்டதும் "எடுத்துக்க மாப்ள" என்று அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு தாண்டினார். இன்னும் தூரம்! நான் அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் விழுந்தேன். சரி, மனசுதான் விஷயமென்றால் நானும் உல்லாசமாக இருந்து காட்டுகிறேன் என்று சிரித்துக்கொண்டே ஓடினேன், சிரித்துக்கொண்டே ஏறினேன். வாய் திறந்திருந்ததால் பாதிக் கால்வாய் உள்ளே போய்விட்டது. மிச்சச் சிரிப்பைக் கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வரும் சனிக்கிழமை பக்கத்து ஊரோடு போட்டி. மூத்தோர் பிரிவில் நமக்கு ஒரே இடம், அது வருஷா வருஷம் என் இடம். நேற்று அதற்குத் தேர்வு வைத்தார்கள். அத்தான் முதலில் தாண்டிவிட்டு, எதிர்க்கரையில் நின்றபடி இரண்டு கையையும் நீட்டி, "வா மாப்ள, பயப்படாத, நான் புடிச்சுக்கறேன்!" என்று நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! தண்ணீர் தெரியவில்லை, கம்பம் தெரியவில்லை, அந்த முகம் மட்டும்தான் தெரிந்தது. அவர் விழுந்த தடத்தைத் தாண்டிப் போய் விழுந்தேன். என் ஆயுசிலேயே அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் அவருக்கு இன்னொரு முறை பாக்கியிருந்தது. சாவகாசமாக வந்து என்னைவிட ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். இடம் அவருக்குப் போய்விட்டது.

ஆகவே அக்கா, கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. "இந்த வயசுல என்ன குரங்கு வித்தை?" என்று நீ ஒரு அதட்டல் போட்டால் போதும், அத்தான் அடங்கிவிடுவார். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்வார், நீ கிளம்பு.

உன் நொந்துபோன தம்பி,
ஹோட்சே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தானே வந்துவிட்டார். "உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல மாப்ள. அந்த இடத்த நீயே வச்சுக்க, நான் உங்க அக்காகிட்டப் போறேன்" என்று ரயிலேறிவிட்டார். சந்தோஷம் தாங்காமல் நேரே கால்வாய்க்கு ஓடினேன். எதிர்க்கரை காலியாக இருந்தது. தண்ணீரில் விழுந்தேன். திரும்பவும் விழுந்தேன். கெர்ப்ரிக்கை அங்கே நிற்கவைத்துப் பார்த்தேன். அவளைப் பார்த்து எனக்கு ஒரு பொறாமையும் வரவில்லை, மறுபடி விழுந்தேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு அக்கா. நீ வரவேண்டாம். சனிக்கிழமைக்குள் அத்தானை மட்டும் அனுப்பு.