தரையைத் தொடாத சாட்டிலைட்

மூளைக்கு முன்னாடி கால் ஓடிவிடும் ரகம் நான். இந்தக் குணத்தை வைத்து எத்தனையோ பஸ் பிடித்திருக்கிறேன். ஒரே ஒருமுறை சாட்டிலைட் ஒன்றையும் பிடித்துத் தொலைத்தேன்.

அப்போது ராயபுரத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிகளுக்கிடையே விண்வெளிப் போட்டி. பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பச்சை முட்டை, அதுதான் சாட்டிலைட். (முட்டைதான் விண்வெளி வீரர், மரியாதை முக்கியம்.) மொட்டை மாடியிலிருந்து போடுவார்கள். பாராசூட்டில் அது தானாகத் தரையிறங்கணும், முட்டை உடையக் கூடாது. ஜெயித்தால் நிஜ ராக்கெட் கிளம்புவதை நேரில் காட்டக் கூட்டிப்போவார்கள்.

என் கூட்டாளி ஜரீனாவுக்கு அந்த ராக்கெட்டைப் பார்த்தே ஆகணும். அவள் அத்தாவுக்கு வண்ணாரப்பேட்டையில் குடை ரிப்பேர் கடை. "ஜெயிச்சா போய்ட்டு வா, இல்லாங்காட்டி அந்தப் பேச்சே எடுக்காத" என்று சொல்லிவிட்டார். குடைத்துணியை வெட்டி, காற்று போக நடுவில் ஓட்டை வைத்து, பாராசூட் தைத்தது முழுக்க அவள்தான். நான் முட்டை வாங்கி வந்தேன். (முதல் முட்டை வழியிலேயே வீரமரணம்.)

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. காத்தாடி நூல் அறுந்து வந்தால் தெருவே ஓடும். தரையைத் தொடுவதற்குள் யார் கை வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது. ரெண்டு அண்ணன்களோடு வளர்ந்தவள் நான், வேறு சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது.

போட்டியன்று மற்றவர்களின் டின்னெல்லாம் தொம்மென்று விழுந்து ஆம்லெட் ஆனது. எங்களுடையது மட்டும் விரிந்தது. கடல் காற்றில் சாய்ந்து சாய்ந்து, அவசரமே இல்லாமல் வந்தது. மைதானமே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஜரீனா என் கையைப் பிடித்திருந்தாள்.

மேலே ஏதோ மிதந்து வருகிறது, கீழே நான் நிற்கிறேன். அவ்வளவுதான். அவள் கையை உதறி, "எனுக்கு, எனுக்கு" என்று கத்திக்கொண்டே ஓடி, தண்ணீர்த் தொட்டி மேலிருந்து எகிறி, டின்னைக் கட்டிப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் திரும்பி ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு.

ஒருத்தரும் கைதட்டவில்லை. நடுவர் வந்து டின்னைத் திறந்தார்.

"முட்டை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இது இன்னும் எறங்கவே இல்லையே."

வீடு போகும் வழியெல்லாம் ஜரீனா பாராசூட்டை மடித்தபடியே நடந்தாள். கடை வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"இன்னாடி, ரெண்டு அடியாவது அடிச்சுடேன்."

"அடிச்சு இன்னா ஆவப்போது? அது தானா எறங்கும்னு நீ நம்பல பாரு, அதாண்டி பேஜாரா கீது."

நம்பாமல் இல்லை, பழக்க தோஷம் என்று சொன்னேன். அவளுக்கு அது ஏறவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ராக்கெட் எங்களை விட்டுவிட்டுத்தான் கிளம்பியது.

வருஷங்கள் கழித்து என் மகள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, கையை நீட்டிக்கொண்டு பின்னாடியே ஓடினேன். ஜரீனா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எறங்கட்டும், வுடுடி." அன்றைக்கு முழுக்கதையும் அவள் வாயால் அரங்கேறியது. அதிலிருந்து என் வீட்டில் யாருக்கு நான் எதில் கை கொடுக்கப் போனாலும் இதே பாட்டுதான்.

போன மாதம் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். ரயில் நகர்ந்ததும் என் கால் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாக அவள் கத்தினாள்.

"அம்மா, எறங்கட்டும் வுடு."

பிளாட்பாரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் நின்றுவிட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் நின்றேன்.