ஏசிக்குத் தைத்த கரடிச் சட்டை

தைக்கத் தெரிந்தவள் கையில் சும்மா இருக்கிற நேரத்தையும் சும்மா கிடக்கிற துணியையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்தால் எனக்கு அளவு நாடா வேண்டாம். ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், பனியன் கச்சிதமாக உட்காரும். (இதை ஊரே சொல்லும். ஊர் மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.) நான் இரண்டு மெஷின் போட்டு ஓட்டிய ஷெட்டுதான் என் மகன் சரவணன் காலத்தில் பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியாக வளர்ந்தது.

கம்பெனி வளர்ந்ததும் வீடும் வளர்ந்தது. புது வீட்டுக்கு ஒரே நாளில் நாலு ஏசி வந்து இறங்கியது. ஹாலுக்கு, சாப்பாட்டு அறைக்கு, மகன் அறைக்கு, என் அறைக்கு. அன்றைக்குப் பிடித்தது வம்பு. மகன் அறையில் கம்பளி தேட வேண்டும், ஹாலில் விசிறி தேட வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்த நாலு பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு குணம்.

மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் தண்ணீரைப் பங்கிடுகிறோமே, அது போல் குளிரையும் பங்கிட்டால் போயிற்று என்று எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தேன். குளிர் பாயவில்லை. மிளகாய் தாளித்த நெடிதான் நாலு அறைக்கும் சமமாகப் பாய்ந்தது.

சரி, எந்த அறை எவ்வளவு குளிர் என்றாவது பார்ப்போம் என்று நாலு டம்ளர் பாலில் உறை ஊற்றி அறைக்கு ஒன்றாக வைத்தேன். காலையில் ஹால் தயிர் புளித்திருந்தது, என் அறைத் தயிர் பதமாக இருந்தது, மகன் அறையில் பால் பாலாகவே இருந்தது. சாப்பாட்டு அறையில் டம்ளரையே காணோம். (மருமகள் கவிதா பால் என்று நினைத்துக் காபியில் ஊற்றிவிட்டாள். காபி திரிந்ததற்கும் திட்டு எனக்குத்தான்.)

கடைசியில் மெக்கானிக் முருகேசனைக் கூப்பிட்டோம்.

"நாலையும் இருபத்தி நாலுலயே வெச்சுருங்கம்மா. ஃபில்டரை மாசம் ஒருக்கா கழுவுங்க, கதவைச் சாத்தியே வெய்யுங்க. பொறவு, வெளி மெஷின் நாலும் மேக்குச் செவுத்துல வெயில்ல காயுதுங்க. கொஞ்சம் நெழலு பண்ணுனீங்கன்னா நல்லா குளுரும், கரண்டும் கம்மியா இழுக்கும்."

முதலில் சொன்னதெல்லாம் என் காதுக்குள் போகவில்லை. நிழல் மட்டும் போனது. நிழல் என்றால் என்ன? துணி. துணி என்றால் யார்? நாங்கள்.

அந்த வாரம்தான் வெளிநாட்டிலிருந்து பையர் அம்மா, அதாவது மொத்தமாகச் சரக்கு வாங்குகிறவர், வருவதாக இருந்தது. அதுவரை சரவணன் பெரிய கம்பெனிகள் தள்ளிவிட்ட வேலையைத் தைத்துக் கொடுத்தவன். முதன்முதலாக நேரடி ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குழந்தைகள் போட்டுத் தூங்குகிற உடுப்பு, துணியெல்லாம் கரடி படம். அந்த அம்மா கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பார், மத்தியானம் நம் வீட்டில் சாப்பிடுவார், பிறகு உண்டு இல்லை என்று சொல்வார். மகன் அந்த வாரம் முழுக்கப் பழனி இருக்கிற திசையைப் பார்த்துத்தான் பல் விளக்கினான்.

அந்த அம்மா வருகிற அன்று காலையில் மகனும் மருமகளும் கம்பெனிக்குக் கிளம்பியதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். பழைய ஷெட்டில், சாம்பிள் தைத்து மிஞ்சிய கரடித் துணி சுருட்டிக் கிடந்தது. பூப்போல இருந்தது. பின்வாசலில் மேற்குச் சுவரோரம் இடுப்பு உயர ஸ்டாண்டில் நின்ற நாலு ஏசி மெஷின்களையும் கண்ணாலேயே அளந்து நாலு சட்டை தைத்தேன். கழுத்துக்கு ரிப் பட்டி, கீழே எலாஸ்டிக். காற்றாடி வழியாகத் தூசி போகுமே என்று அங்கே ஒரு பெரிய கரடியை வைத்து இறுக்கி மூடினேன். மாட்டிவிட்டு நின்று பார்த்தேன். நாலும் பள்ளிக்கூடம் போகத் தயாரான பிள்ளைகள் மாதிரி இருந்தன. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

உள்ளே போய் நாலு ஏசியையும் போட்டேன்.

பையர் அம்மா வந்தபோது சாப்பாட்டு அறை நன்றாகத்தான் இருந்தது. பருப்பு சாதம் முடிவதற்குள் அவர் மூக்கு நுனியில் வியர்த்தது. சரவணன் ரிமோட்டை அமுக்கினான். பதினாறுக்கு வந்தும் அனல்தான் வந்தது.

"ஹாலுக்குப் போயிரலாமுங்க" என்றாள் கவிதா.

தட்டும் கையுமாக ஹாலுக்குப் போனோம். ரசம் ஊற்றியபோது அந்த ஏசியும் மூச்சை நிறுத்தியது. அங்கிருந்து என் அறை. அதுவும் போச்சு. அங்கிருந்து மகன் அறை. கட்டில் மேல் தட்டை வைத்துக்கொண்டு அந்த அம்மா அப்பளத்தால் விசிறிக்கொண்டார். நாலு அறையும் ஒரே சூடு. இத்தனை நாள் நான் பாடுபட்ட சமம் அன்றைக்குத்தான் கிடைத்தது.

காற்று வேண்டும் என்று அவர் பின்வாசல் கதவைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். நாலு கரடிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

சரவணன் முகம் சலவைக்குப் போட்ட துணி மாதிரி வெளுத்துவிட்டது. பையர் கொடுத்த படத்தை அச்சடித்த துணி, மிஞ்சியது ஒரு சாண் என்றாலும், வெட்டி அழித்துவிட வேண்டும். வேறு எதற்காவது போனது தெரிந்தால் ஆர்டர் அத்தோடு சரி. இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"கவி, கடையில வாங்குனதுன்னு சொல்லு" என்று மகன் முணுமுணுத்தான்.

எனக்கு வந்ததே கோபம்! "கடையில வாங்குனதா? ஏஞ் சாமி, இந்த மாதிரி ரிப்பு எந்தக் கடைல வெச்சுக் குடுக்கறான்? நாந்தேன் தெச்சேன்!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அம்மா, போதும், கொஞ்சம் உள்ள போங்க..." என்றான்.

பையர் அம்மா ஒரு சட்டையின் எலாஸ்டிக்கை இழுத்தார். உள்ளே அடைபட்டிருந்த அனல் குப்பென்று முகத்தில் அடித்தது. தையலைத் திருப்பிப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"திருடறவங்க மூட்டை கட்டி வித்துப்போடுவாங்களாம் அத்தை. செவுத்தோரம் மாட்டித் துணிக்குச் சொந்தக்காரங்களுக்கே காட்ட மாட்டாங்களாம்" என்றாள் கவிதா. "ஆனா இப்பவே வெட்டிப்போடோணுமாம். அவங்க கண்ணு முன்னால."

என் கையால் தைத்ததை என் கையாலேயே வெட்டினேன். நாலாவது கரடியின் கழுத்தில் கத்தரிக்கோலை வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

(மறுநாள் முருகேசன் தலையில் அடித்துக்கொண்டார்: "நெழலுன்னா மேல ஒரு தகரமுங்க! சூட்டை வெளிய துப்புற வாயையே பொத்தி உட்டுட்டீங்களே!")

ஆர்டர் கிடைத்தது. பார்த்துப் பார்த்துக் கொடுத்த சின்ன ஆர்டர்தான், ஆனால் நேரடி ஆர்டர். அது வருடா வருடம் பெருகியது. ஒவ்வொரு முறையும் அவர் அனுப்புகிற மெயிலின் கடைசியில் ஒரு விசாரிப்பு இருக்கும்: "நாலு குழந்தைகளும் நலமா?"

போன கோடையில் என் அறை ஏசி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பழைய இரும்புக்காரர் வண்டியில் அதை ஏற்றும்போது சரவணன் போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது. கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்துக் காட்டினாள்:

"உங்கள் அம்மாவுக்கு என் அனுதாபங்கள். இந்த ஒரு தடவை அதற்குச் சட்டை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஊசியில் நூல் கோப்பதற்குள் வண்டி கிளம்பிப் போய்விட்டது.