பூக்கட்டி அண்ணனும் மும்பைப் பயணமும்

மதுரை ஜில்லாவிலேயே சொந்தமாக ஒரு முடிவுகூட எடுக்காமல் ஐம்பத்தெட்டு வயதைத் தொட்ட ஒரே ஆள் எங்கள் பூக்கட்டி அண்ணன்தான். ஆதார் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தல்லாகுளத்தில் பத்திரம் எழுதும் ஆபீஸ் எங்களுடையது. அங்கே அண்ணன்தான் சீனியர். எதில் குழப்பம் வந்தாலும் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடுவார். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. தனித்தனிக் காகிதத்தில் மடித்துப் போட்டு, சம்பந்தமில்லாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வந்த பூதான் தீர்ப்பு. பொட்டலம் மடிக்கும் உத்தியோகம் பதினோரு வருஷமாக எனக்கு. அவரே மடித்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம்.

ஊரில் மற்றவர்கள் கல்யாணத்துக்கும் நிலம் வாங்கவும் பூக்கட்டுவார்கள். இவர் பரோட்டாவா சாப்பாடா என்பதற்கே கட்டுவார். தீர்ப்பு வாங்கிக்கொண்டு நாங்கள் போய்ச் சேரும்போது ஓட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருமுறை கடைவாயில் இரண்டு பக்கமும் வலி. எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று கேட்டார். இடது என்று வந்தது. சொத்தை வலதுபக்கம் என்று பல் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "நீங்க படத்தைப் பாத்துச் சொல்றீக. நான் ஆத்தாகிட்டயே கேட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் அண்ணன். அந்த டாக்டர் கும்பிடு போட்டு அனுப்பிவிட, வேறொருவரிடம் போய் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சொத்தைப் பல் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறது.

சமயநல்லூரில் ஒரு வீடு குடிபுகும் விசேஷம். முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறச் சொல்லிப் பூ வந்தது. ஏறினோம். விளாங்குடி தாண்டுவதற்குள் டயர் வெடித்தது. நான் அவரை முறைத்தேன். "மாப்ள, பூவு பஸ்ஸைத்தான் சொல்லுச்சு. டயருக்கு நாம கேக்கவே இல்லையே" என்றார்.

இப்படி எல்லாவற்றுக்கும் சிரித்த எங்களுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் கவிதா, கூட வேலை பார்த்த மும்பைப் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று அண்ணன் பூக்கட்டினார். வேண்டாம் என்று வந்தது. போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது. அந்தப் பொட்டலத்தை மடித்த பாவி நான்தான்.

"இன்னொருக்கா கேட்டுப் பாருங்கண்ணே" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "ஒருக்கா கேட்டதை மறுக்கா கேக்கக்கூடாது மாப்ள. ஆத்தா என்ன, நம்ம இஷ்டத்துக்குத் திருத்தி எழுதுற பத்திரமா" என்பார். சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார்.

இந்த வருஷம் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, எல்லோரையும் குடும்பத்தோடு டூர் அழைத்துப்போகிறேன் என்றார். கொச்சி அல்லது மும்பை. இரண்டும் கடற்கரை ஊர், இரண்டிலும் நாலு தேசத்து மனுஷர்களைப் பார்க்கலாம், சீனியர் சொல்கிற ஊருக்கே போவோம் என்று பொறுப்பை அண்ணன் தலையில் கட்டிவிட்டார்.

ஒரு வாரம் அண்ணன் கொச்சிக்காகவே கத்தினார். "படகு இருக்கு, மீனு இருக்கு, ஒரு ராத்திரியில போயிரலாம். மும்பையில என்னய்யா இருக்கு, அம்புட்டுக் கூட்டத்துல எவன் போயி நசுங்குறது." மறுநாள் டீ குடிக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அங்கிட்டு இப்ப மழையா மாப்ள?" கொச்சியிலா என்றேன். அவர் டீயை ஊதினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் சம்சாரம், எங்கள் மதினி, எனக்குப் போன் பண்ணினார். "தம்பி, பேத்திக்கு எட்டு மாசமாச்சு. போன்லயே எம்புட்டு நாளைக்குக் கொஞ்சுறது? வெள்ளிக்கெழம பூக்கட்டப் போறாக. எப்படியாச்சும் மும்பைன்னு வர வைங்க" என்றவர் போனை வைத்துவிட்டார். எனக்குத் தூக்கமே இல்லை.

விளாங்குடியில் அவர் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயில். வெள்ளை வந்தால் மும்பை, சிவப்பு வந்தால் கொச்சி. தூணுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். ஆத்தா மன்னிப்பாள், அண்ணன் மன்னிப்பாரா என்பதுதான் கவலை.

விளக்குப் போட வந்த ஒரு அம்மா ஒன்றை எடுத்தார். வெள்ளை. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அண்ணன் குனிந்து மிச்சப் பொட்டலத்தை எடுத்துவிட்டார். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அதைப் பிரித்துப் பார்க்காத மனுஷர்.

பிரித்தார். நந்தியாவட்டை. என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். பூவை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா ரெண்டு தடவை அழுத்திச் சொல்லிட்டா. மும்பைக்கே டிக்கெட் போட்ருங்க" என்றார். பிறகு மதினி கையிலிருந்த போனை வாங்கி அவரே நம்பரை அழுத்தினார்.

"ஏத்தா, அப்பா பேசுறேன். நாங்க வாரோம். புள்ளைக்கு என்ன வாங்கியாரணும், சொல்லு."

அந்தப் பக்கம் கவிதா அழுவது எனக்கே கேட்டது. இரண்டு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிப்போனது.

போனை மதினியிடம் கொடுத்துவிட்டு அண்ணன் நேராக என்னிடம் வந்து தோளில் கை போட்டார்.

"ஏன் மாப்ள, அன்னைக்கும் நீதானே மடிச்ச. இந்தப் புத்தி அப்பயே வந்திருக்கக்கூடாதா" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆசையாக வாங்கிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.