ஷாக்குக்கு ஒரு விரற்கடை

நான் தேயிலைச் செடிக்குள் தலைகீழாகக் கிடந்தபோது என் பெண்டாட்டி ஜீவராணி ஓடி வந்தாள். வந்தவள் முதலில் சைக்கிளைத் தூக்கினாள்.

முன் சில்லைச் சுற்றிப் பார்த்தாள். ஹேண்டிலை நிமிர்த்தினாள். பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"காலு கீலு ஒடஞ்சிருச்சாங்க?"

"இல்ல."

"கை?"

"இல்லைன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப மெதுவா நடந்து வாங்க."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். வருஷப்பிறப்பு விளையாட்டு விழா, சைக்கிள் ஓட்டம், மேல் டிவிஷனிலிருந்து கோயில் மைதானம் வரைக்கும். என் சைக்கிள், என் நம்பர் ஏழு, என் பெண்டாட்டி. என்னைத் தவிர என்னுடையது எல்லாம் இறக்கத்தில் போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். ஒத்துக்கொள்கிறேன். எப்படி நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

என் பெயர் யோகராஜ். வயது பத்தொன்பது. ஓ.எல். பரீட்சையில் கணக்கு பெயில். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துப் பெக்டரியில் கொழுந்து அரைக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன், மலையில் கொழுந்து பறிக்கிற ஜீவராணியைக் கட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன் இந்தச் சைக்கிளை வாங்கினேன். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய மவுண்டன் பைக். முன் போர்க்கில் இரண்டு பக்கமும் குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஷாக். அதை நான் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, "இப்படி ஒரு நாளாவது வீட்டத் தொடச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

விற்றவர் தெரணியகலை டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற நிலாம் நானா. விற்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, ஷாக்கின் பளபளப்பான குழாயில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அடியில் இறக்கி வைக்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் அமுங்கும், பேண்ட் மேலே ஏறும். ஒரு விரற்கடை ஏறினால் சரி. கூட ஏறினால் உச்சியில் இருக்கிற திருகை இறுக்கணும். குறைய ஏறினால் தளர்த்தணும். இரண்டாவதை அவர் சொல்லும்போது நான் சைக்கிளோடு கடை வாசலைத் தாண்டிவிட்டேன். காதில் விழுந்தது. பெரிய விஷயமாகப் படவில்லை.

அந்த வாரம்தான் ஜீவராணிக்குத் தெரணியகலையில் ஒரு தையல் கடையில் வேலை சரியானது. வருஷம் பிறந்த கையோடு சேரணும். ஏழரைக்குக் கடையில் நிற்கணும். எங்கள் காலை பஸ் வந்தால் வரும். வந்தாலும் நிற்காது. மூன்று நாள் பிந்தினால் வேறு ஆள் எடுப்பார்களாம்.

"எனக்குச் சைக்கிள் பழக்கி விடுங்க."

"இந்தத் தோட்டத்துல எந்தப் பொம்பள சைக்கிள் ஓட்டுறா?"

"ஓட்டுனா நாந்தான் மொத ஆளு."

"இது ஷாக் வெச்ச சைக்கிள், புள்ள. ஆளோட எடைக்குத் தக்கன செட் பண்றது. ஒனக்கு அதெல்லாம் வெளங்காது."

"ஓ, எடைக்குத் தக்கனயா," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். கல்யாணத்திலிருந்து அவள் எதையும் அப்படி விட்டதில்லை. நான் அங்கேயே முழித்திருக்கணும்.

மறுநாள் நானே ஏறி உட்கார்ந்தேன். பேண்டைப் பார்க்கக் குனிந்தால் பாரம் முன்னால் போய்ப் பேண்ட் கண்டபடி ஏறுகிறது. எட்டுத் தரம் பார்த்தேன், எட்டு விதமாக ஏறியது. எனக்குப் பொறுமை கிடையாது.

"ஜீவா, இங்க வந்து பேண்டைப் பாரு."

"எனக்குத்தான் வெளங்காதே. நீங்க பாருங்க, நான் உக்கார்றேன்."

"நீ என்ன என் எடையா?"

"நிறுத்துட்டா தெரிஞ்சிரும்."

தோட்டத்தில் ஆள் நிறுக்கத் தராசு ஏது? கொழுந்து மடுவத்துக்குப் போனோம். தூறல். கொழுந்து நிறுக்கும் அழகமுத்து கணக்கப்பிள்ளை என்னைச் சாக்கில் உட்காரவைத்துக் கொக்கியில் தொங்கவிட்டார். முள்ளைப் பார்த்தார். "அம்பத்து நாலு," என்றார்.

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டு, "நானும் அம்பத்து நாலுதாங்க. கிளினிக் கார்டுல இருக்கு," என்றாள். கார்டையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அன்றைக்கே ஆரம்பம். பாவாடைக்குள் என் பழைய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு அவள் ஏறி உட்கார, நான் கீழே குந்திக்கொண்டு திருகைத் திருப்பினேன்.

"கை குத்துதுங்க. கொஞ்சம் தளத்துங்க."

தளர்த்தினேன்.

"நின்ன எடத்துலயே நின்னா என்ன தெரியும்? கல்லு ரோட்டுல உருட்டிப் பாக்க வேணாமா?"

நியாயம்தானே. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பத்து நாள் ஓடினேன். ஒரு நாள் மூச்சு வாங்கிக் கையை விட்டுவிட்டேன். அவள் கோயில் வரை போய்த் திரும்பி வந்து இறங்கினாள். பேண்டை அளந்தேன். அச்சுப் பிசகாமல் ஒரு விரற்கடை. சந்தோஷத்தில் அவள் எப்படித் தனியாகப் போய் வந்தாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

போட்டி அன்று எல்லாரும் கோயில் மைதானத்தில் நின்றார்கள். ஜீவராணி மட்டும், மழைத் தண்ணி ஓடுகிற பெரிய கான் ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற வளைவில் நின்றாள். அன்றைக்கும் பாவாடைக்குள் என் ஜீன்ஸ். எனக்குக் கை தட்டத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் போன மெல்வினை முந்தினேன். காற்றையும் முந்தினேன். கானில் முன் சில்லு இறங்கியது. ஷாக்கும் இறங்கியது. சில்லு ஏறியது, ஷாக் ஏறவில்லை. நான் மட்டும் தனியாகத் தேயிலைக்குப் போனேன்.

நொண்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தால், ஜீவராணி வருஷப் பலகாரம் கொக்கிஸ் தின்றுகொண்டிருக்கிறாள். நம்பர் ஏழு கடைசியாக வந்ததற்கு ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் வாளி, அவள் கையில்.

அம்பத்து நாலுக்கு அச்சாகச் செட் பண்ணிய ஷாக் எப்படி அமுங்கிப்போனது என்று புலம்பினேன். "நாந்தானே தம்பி நிறுத்தேன்," என்றார் பக்கத்தில் நின்ற அழகமுத்து. "எது தொங்கினாலும் கழிச்சுத்தான் வாயில வரும். மழை நாளையில ஈரத்துக்குப் பத்துக்கு ஒன்னு, சாக்குக்கு ரெண்டு."

கணக்கில் பெயிலான எனக்கே கணக்கு வந்தது. என் எடை அறுபத்திரண்டு.

"ஜீவா, ஒனக்குத் தெரியுமா?"

"தெனம் கொழுந்து போடுறவளுக்குத் தெரியாதா?"

"அங்கயே சொல்றதுக்கென்ன?"

"எங்க கொழுந்துல கழிக்கிறாங்கன்னு வருஷக் கணக்கா சொல்றோம். யாரு கேட்டா?"

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவள் சைக்கிளை எடுத்தாள். சீட்டு அவள் உயரத்துக்கு. ஷாக் அவள் எடைக்கு. மிச்சக் கொக்கிஸும் சோத்துப் பெட்டியும் வைத்த வாளி, ஹேண்டிலில்.

"திருகுல கைய வெச்சிராதீங்க. எனக்குப் பக்கா செட்," என்றாள். மணி அடித்துக்கொண்டே போனாள். மணியை எப்போது மாட்டினாள் என்றே எனக்குத் தெரியாது.

நான் பெக்டரிக்கு நடந்தேன். நடக்கும்போதுதான் நிலாம் நானா சொன்ன இரண்டாவது விஷயம் நினைவுக்கு வந்தது. "தம்பி, எவன் ஓட்டுறானோ அவனே ஏறி உக்காரணும். வேற ஆள ஏத்தினா, சைக்கிள் அந்த ஆள்ட சைக்கிள்."

திருகைத் திருப்பின அன்றைக்கு நான் ஏறி உட்காரவில்லை.