ஏழு இஞ்ச்

"உள்ள டிரைவரே இல்ல சார்! கார் தானா வருது!"

பெங்களூரு வைட்ஃபீல்டில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி வாக்கிடாக்கியில் கத்தினார். பாதி திறந்த கேட் அப்படியே நின்றது. அதற்கு முன்னால் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி இறங்கி, ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது.

"நான்தாம்ப்பா, பி டவர் உதயா. கேட்டைத் திற."

"அய்யோ, நீங்களா சார்? தெரியவே இல்ல சார்!"

உதயாவின் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கே நாளான அந்த இரண்டு சீட்டுக் காரோ ஆறடி ஆளுக்கென்று செய்தது. அதில் உட்கார்ந்தால் அவனுக்குச் சாலை தெரியாது. மரங்களின் உச்சியும் மெட்ரோ பாலமும்தான் தெரியும்.

இத்தனைக்கும் அவனுக்குக் கார் மோகமெல்லாம் கிடையாது. எல்லாம் ஏ டவர் தேஜஸால் வந்தது.

தினமும் காலை ஒன்பதரைக்குத் தேஜஸ் கூலிங் கிளாஸோடு கீழே வருவான். ஆறடிக்குக் குறையாத ஆள். இதே மாதிரி ஒரு நீல நிறக் காரை மஞ்சள் துணியால் ஆசையாகத் துடைப்பான். பிறகு அவனுடைய அம்மா வருவார். குட்டையான, வெள்ளை முடியைக் கத்தரித்துக்கொண்ட அம்மா. அவரை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, சுற்றிவந்து, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல டிரைவர் சீட்டில் இறங்குவான்.

ஒருநாள் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சங்கமித்ரா சொன்னாள். "பாருங்க, அம்மாவை எவ்ளோ பொறுப்பா கூட்டிட்டுப் போறாரு! வண்டில உக்காந்தா எவ்ளோ அம்சமா இருக்காரு!"

உதயாவின் காபி கசந்தது. ஒரே ஆளுக்குக் காரும், உயரமும், அம்மா பாசமும் எதற்கு? உயரத்துக்கும் பாசத்துக்கும் வழியில்லாததால் அவன் காரை வாங்கினான்.

வாங்கிய கையோடு மனைவிக்கு வாக்கும் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் அவளுடைய சித்தப்பா மகளுக்கு ரிசப்ஷன். கே.ஜி.எஃப். தங்கவயல் சொந்தம் மொத்தமும் வந்து நிற்கும். "மண்டப வாசல்ல போய் இந்தக் கார்லதான் இறங்கறோம்."

கேட்டில் நடந்ததைத் தேஜஸ் பார்த்துவிட்டான். பேஸ்மென்ட்டில் அவனே தேடி வந்தான்.

"சீட்ல உக்காந்தா ரோடு தெரியலையா சார்? சிம்பிள் சார். ரெண்டு சோஃபா குஷன் போடுங்க. வழவழன்னு இருக்கற துணியா பாத்துப் போடுங்க. அஷ்டே, அவ்ளோதான்!"

இவனுக்கு நல்ல மனசு வேறா என்று உதயாவுக்கு அதற்கும் எரிந்தது. ஆனாலும் குஷன் போட்டான். சாலை தெரிந்தது. முதல் சிக்னலில் பிரேக் மிதித்ததும் குஷன் பின்னால் நிற்க, உதயா மட்டும் முன்னால் வழுக்கி, டேஷ்போர்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். பச்சை விழுந்தும் வண்டி நகராததால் ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், ஏதாவது விழுந்துடுச்சா?"

"நான்தான்."

மறுநாள் தேஜஸ் காத்திருந்தான். "கால் எட்டாமத்தான் சார் வழுக்குது. சீட்டை எவ்ளோ முன்னாடி போகுமோ அவ்ளோ தள்ளிடுங்க."

தள்ளினான். கால் எட்டியது. கூடவே வயிறும் ஹார்னை எட்டியது. மூச்சை உள்ளிழுத்தால் வண்டி கத்தியது. வெளியே விட்டால் நிறுத்தியது. ஐ.டி.பி.எல். ரோடு முழுக்க அவன் மூச்சு விடுவதை ஊரே கேட்டது. முன்னால் போன பைக் ஆசாமி இறங்கி வந்தார். "ஏன் சார், நாங்க என்ன பறந்தா போறது?"

பதில் சொல்ல உதயா மூச்சை இழுத்தான். ஹார்ன்தான் பதில் சொன்னது.

வெள்ளிக்கிழமை அவன் ஜோகுபாளையத்துக்குப் போனான். அங்கே கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்த பால்ராஜ் கே.ஜி.எஃப்.காரர், உதயாவின் அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன். உதயாவைச் சீட்டில் உட்காரவைத்து, முட்டியை, தோளை, தலைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட இடத்தை டேப் வைத்து அளந்தார்.

"இன்னாடா இது, குஷன் கிஷன்னு கூத்தடிச்சிக்கினு? சீட்டுக்கு அடியில இரும்பு பிராக்கெட் குடுத்து நாலு இஞ்ச் தூக்கறேன். பெடல்ல அலுமினியக் கட்டை வெச்சு போல்ட் போடறேன். ராஜா மாதிரி ஓட்டலாம்."

அப்போது தேஜஸிடமிருந்து போன். நம்பரை அவன்தான் வலிய வந்து வாங்கியிருந்தான். உதயா நாலு இஞ்ச் கணக்கைச் சொன்னான்.

"நாலா? பத்தாது சார். ஏழு சொல்லுங்க. எனக்கு வெளியே எவ்ளோ தெரியுதோ அவ்ளோ உங்களுக்கும் தெரியணும் இல்ல?"

அந்தக் கடைசி வார்த்தைதான் உதயாவைக் கவிழ்த்தது.

"அண்ணே, ஏழு வெச்சிடுங்க."

"தலை இடிக்கும்டா."

"அவனுக்குத் தெரியற அளவு எனக்கும் தெரியணும்ணே!"

"எவனுக்கு?"

உதயா போனைப் பையில் போட்டான். பால்ராஜ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஏழு இஞ்ச் ஏறியது. சாலை பிரமாதமாகத் தெரிந்தது. முதல் ஸ்பீடு பிரேக்கரில் கூரை மண்டையில் இறங்கியது. ஜோகுபாளையத்துக்கும் வைட்ஃபீல்டுக்கும் நடுவே எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்பதை அன்றைக்கு உதயாவின் தலை எண்ணிப் பார்த்தது.

தேஜஸ் சிரிக்கவே இல்லை. அக்கறையோடு வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். "கூரையைத் திறந்துட்டுப் போங்க சார். திறக்கற வண்டிதானே? அதான் ஸ்டைலே!"

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அரக்கு நிறப் பட்டுப் புடவையில் சங்கமித்ரா காரில் ஏறினாள். கணவனை அண்ணாந்து பார்த்தாள். அவன் தலை முன்கண்ணாடிக்கு மேலே, கொலுப் படியில் வைத்த பொம்மை மாதிரி தனியாக நின்றது.

"என்னங்க, இப்படியேவா வரப் போறீங்க?"

"இதாம்மா ஸ்டைலு."

கேட்டைத் தாண்டிய இரண்டாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. உதயா கூரையை மூடும் பட்டனை அழுத்தினான். கூரை கம்பீரமாக எழுந்து வந்து, அவன் தலையில் உட்கார்ந்து, மேற்கொண்டு போக முடியாமல் முனகியது. குனிந்தால் கூரை வந்தது, சாலை போனது. நிமிர்ந்தால் சாலை வந்தது, மழையும் வந்தது.

"நிறுத்துங்க வண்டியை!" என்றாள் சங்கமித்ரா. மை கன்னத்தில் வழிந்தது. "மூணு மாசமா அந்த ஆளைப் பாத்துப் பாத்து வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியாதா? நான் உங்களை உயரமா இருக்கச் சொன்னேனா? கார் வாங்கச் சொன்னேனா? கல்யாணம் பண்ணிக்கும்போது உங்ககிட்ட சைக்கிள்கூட இல்லையேங்க!"

 உதயா வண்டியைத் திருப்பினான்.

பேஸ்மென்ட்டில் இருவரும் சொட்டச் சொட்ட இறங்கினார்கள். "மெட்ரோல போயிடலாம், புடவையை மாத்திட்டு வா" என்றான் மெதுவாக. சங்கமித்ரா தன் கைக்குட்டையைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டினாள். மூன்று மாதத்தில் முதன்முறையாக, நீலக் காரைத் துடைத்துக்கொண்டிருந்த தேஜஸைப் பார்த்தும் உதயாவுக்கு எரியவில்லை.

லிஃப்ட் கதவு திறந்து அந்த வெள்ளை முடி அம்மா வந்தார். தேஜஸ் அவசரமாக முன்னால் ஓடினான். "மேடம், லேட் ஆகுது, போலாம் மேடம்."

பெற்ற அம்மாவை யாராவது மேடம் என்பார்களா என்று உதயா யோசிப்பதற்குள், அவர் தேஜஸை விலக்கிவிட்டு நேராகச் சிவப்புக் காரிடம் வந்தார். குதிகால் செருப்போடு சேர்த்தும் உதயாவின் காது உயரம்தான் இருந்தார்.

"நான் டாக்டர் காந்தா. சீட் வேலை சரியா வரலையா தம்பி?" என்றார் ஏமாற்றத்தோடு. "நீங்க ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா என் வண்டிக்கும் அதே மாதிரி பண்ணி நானே ஓட்டிக்கறேன், இனிமே டிரைவரே வேண்டாம்னு, நீங்க கார் வாங்கின அன்னைக்கே தேஜஸ்கிட்ட சொல்லிட்டேனே!"