அங்கப்பனுக்கு ஊற்றிய தண்ணீர்

வெள்ளக்கடை, ஏற்காடு.
மார்ச், 1984

உறவில் மைத்துனரும் ஞானத்தில் தகப்பனுமாகிய சுவாமி கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு, அக்காள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் வணங்கி எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே குளிருக்குக் குறைவில்லை. அங்கே தங்கள் பங்கு மக்களும் தங்கள் வயிற்றுப்புண்ணும் அடங்கியிருக்க மன்றாடுகிறேன்.

நிற்க. தபசுகாலத் தியானம் கொடுக்க வந்த ஒரு சாமியார், ஞானஸ்நானம் பெறாதவன் எவ்வளவு நல்லவனானாலும் நரகந்தான் என்று பிரசங்கித்தார். நான் வழக்கம்போல் தூங்கிவிட்டேன். தங்கள் அக்காள் தேவகுமாரி தூங்கவில்லை. பூசை முடிந்ததும் நேரே போய், "ஏனுங்க சாமி, எங்க பக்கத்து ஊட்டு அங்கப்பனுமுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அங்கப்பனை அறியாதவர். "யாராயிருந்தாலும்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

புயலில் எங்கள் கூரை பறந்தபோது எங்களைத் தன் வீட்டில் படுக்க வைத்து, மழைக்காலம் முழுக்கத் தான் மாட்டுக்கொட்டகையில் படுத்தவர் அங்கப்பன். தியானம் முடிந்த நாளிலிருந்து தேவகுமாரி சாப்பிடுவதில்லை, என்னையும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. தட்டை வைக்கும்போதே, "அந்த மனுசன் நெருப்புல வேகறத நாம மேல ஒக்காந்து பாத்துக்கிட்டிருப்போமா?" என்கிறாள். இந்த நேரம் பார்த்து அங்கப்பன் மிளகு பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, காலொடிஞ்சு பேச்சுமூச்சில்லாம ஆஸ்பத்திரில கெடந்தாருங்க. பஸ்ஸப் புடிச்சு ஓடினோம். நான் ஆரஞ்சு வாங்கப் போன நேரத்துல உங்கக்கா அவரு நெத்தில தண்ணிய ஊத்தி, பிதா சுதன் பேரச் சொல்லி, சூசைன்னு பேரும் வச்சுட்டா. நான் திரும்பி வர்றேன், அங்கப்பன் கண்ணத் தொறந்து, "ஏனுங்கம்மா, மழைங்களா?"ங்கறாரு. அவ அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா.

அங்கப்பன் நெத்தித் தண்ணியத் தொடச்சுக்கிட்டாரு. "உடுங்கம்மா, நொம்ப அழுவாதீங்க. உங்க ஊட்டுக்காரரு ரைட்டருக்குக் காமாலை வந்தப்ப நானும் உங்களக் கேக்காமத்தான் எங்க கொலசாமிக்குக் கெடா நேந்துக்கிட்டேன். நல்லாயிட்டாரு, வெட்டிப் போட்டேன். உங்க ஊட்டுக்குக் கறி கொண்டாந்தனே, அதுதானுங்க."

கீழாநெல்லிக்குக் காமாலை கேட்டது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேவகுமாரி அந்தக் கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியவள். ஆகவே தாங்கள் தயவுசெய்து தெளிவிக்க வேண்டியது: கேட்காமல் ஊற்றிய தண்ணீர் செல்லுமா? தெரியாமல் தின்ற கறி பாவமா? நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு படுத்திருக்கும் சூசை எந்தப் பக்கம் போவார்?

தங்கள் பதில் வந்தால்தான் இந்த வீட்டில் ஒரு பிடி சோறு இறங்கும். எங்களையும், தடையில்லையென்றால் அங்கப்பனையும், ஆசீர்வதிக்கவும்.

தாழ்மையுள்ள,
ஸ்தனிஸ்லாஸ்,
ரிட்டயர்டு எஸ்டேட் ரைட்டர்.

பி.கு.: ஒட்டும் முன் இதைத் தங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாமாம். "மோட்ச வாசல்ல கேட்டா, எங்களோட வந்தவருன்னு சொல்லுவேன். உடலீன்னா நானும் அவரோட வெளியவே நின்னுக்கறேன்" என்கிறாள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்படியானால் நான் உள்ளேயா வெளியேயா என்று கேட்டேன். தூக்குப்போசியை என் கையில் கொடுத்து, "மொதல்ல பஸ்ஸுக்கு நடங்க" என்றாள்.