முழங்காலுக்கு அரைத்த மிளகாய்

வயிற்றுப்புண் என்று டாக்டர் சொன்னபோது நஸ்ருல் பயப்படவில்லை. "ஆறு வாரம் மிளகாயைத் தொடக் கூடாது" என்றபோதுதான் பயந்தார்.

சுமத்ராவின் பயகும்பு ஊரில் மிளகாயில்லாமல் சாப்பிட்டால் சாப்பிட்டதாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அதிலும் அவர் மனைவி யூலிதார் நடத்துவது சோற்றுக்கடை. காலையிலிருந்து அம்மியில் சிவப்பு மிளகாய் நசுங்கும். வாணலியில் எருமைக்கறி ரெண்டாங் சுண்டும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நஸ்ருலுக்கு மட்டும் வெள்ளைச் சோறு, பூசணிக்காய்ச் சாறு.

எட்டாம் நாள் அவருக்கு ஞானம் பிறந்தது. காரம் வேண்டுமென்றால் ஒரு காரணம் வேண்டும்.

"யூலி, முட்டிவலி உயிர் போகுது."

"நேத்துவரைக்கும் இல்லையே, உடா?" என்றாள் யூலிதார். அந்த ஊர் மனைவிகள் கணவனை 'உடா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"குளிருக்கு வந்துடுச்சு. மிளகாயோட எரிப்பு வலியை மரத்துப்போக வைக்குமாம். அதை வச்சே களிம்பு செய்யறாங்க, தெரியுமா?"

"களிம்பே வாங்கிட்டு வரட்டா?"

"அதெல்லாம் எதுக்கு? உன் கையால அரைச்சாதான் கேக்கும். ஒரு கிண்ணம் போதும். கொஞ்சம் உப்பு போட்டு."

"முட்டிக்கு உப்பு எதுக்கு?"

"அப்பதான் உள்ள இறங்கும்."

"வெங்காயம் போட்டு வதக்கணுமா?"

"வதக்கினா இன்னும் விசேஷம்" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யூலிதார் வதக்கியே கொடுத்தாள்.

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் ஒளித்துவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார் நஸ்ருல். முதல் கவளத்தில் காது அடைத்தது. இரண்டாவதில் மூக்கு ஒழுகியது. மூன்றாவதில் உலகமே நல்லதாகிவிட்டது. காரம் ஏறினால் உடம்பு தானே ஒரு சந்தோஷத்தைச் சுரக்கும் என்பார்கள். அன்று அவர் மாமியாரைப் பார்த்துக்கூடச் சிரித்தார்.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. வயிறு எரிந்தது, மனசு குளிர்ந்தது.

"முட்டி எப்படி இருக்கு, உடா?"

"அற்புதம். ஊருக்கே சொல்லலாம்."

அவள் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நஸ்ருல் கடைக்கு வந்தால், பெஞ்சில் ஏழு கிழவர்கள். ஏழு பேரும் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாப்பா வைத்தியரே" என்றார் ஹாஜி சுல்ஃபான். "முதல்ல உன் கால்ல கட்டிக் காட்டு. பாத்துட்டு நாங்க கட்டிக்கறோம்."

"எனக்குத்தான் குணமாயிடுச்சே, ஹாஜி…"

"பெரியவங்க கேக்கறாங்க, உடா" என்று யூலிதாரே கிண்ணத்தோடு வந்தாள். முழங்காலில் கெட்டியாக அப்பி, துணியைச் சுற்றி, முடிச்சும் போட்டாள்.

நூறு எண்ணும்வரை நஸ்ருல் புன்னகைத்தார். நூற்றைம்பதில் புன்னகை கோணிற்று. இருநூறில் எழுந்து நொண்டிக்கொண்டே கடையை மூன்று முறை சுற்றினார்.

"பாத்தீங்களா, என்ன சுறுசுறுப்பு" என்றார் ஹாஜி.

"தண்ணி, யூலி, தண்ணி…"

"தண்ணிக்கெல்லாம் அடங்காது. உக்காருங்க." அவள் கட்டை அவிழ்த்தாள். தேங்காயெண்ணெய் கையிலேயே தயாராக இருந்தது. துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அஞ்சு நாளா மருந்து போட்டது முட்டிக்கு. ஒழுகினது மூக்கு. தோல்ல தடிப்பில்ல, உதட்டுல எண்ணெய். எனக்குக் கண்ணு இல்லையா?"

பிறகு கிழவர்கள் பக்கம் திரும்பி, பையிலிருந்து ஏழு களிம்புக் குழாய்களை எடுத்து நீட்டினாள். "அரைச்ச மிளகாயைக் கட்டினா தோல் வெந்துடும்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க. இதுல எரிப்பு அளவா இருக்கு. தடவினதும் கையைக் கழுவிடுங்க, கண்ணுல படக் கூடாது."

கிழவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள். சிவந்த முழங்காலை ஊதிக்கொண்டே நஸ்ருல் சரணடைந்தார்.

"வலி சுத்தமா போயிடுச்சு, யூலி. இனிமே எனக்கு மருந்தே வேண்டாம்."

"ரொம்ப சந்தோஷம், உடா. அப்போ விடிஞ்சதும் சந்தைக்கு நடந்து போய், கடைக்கு முப்பது கிலோ மிளகாய் தூக்கிட்டு வந்துடுங்க."